பராமரித்தோம், பொறுப்பைக் கொடுத்தோமா?

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாளைப் பினாங்கு மறக்காது. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நாள் அது. ஆண்டுதோறும் மாநிலத்துக்கே விடுமுறை விட்டு அதைக் கொண்டாடுகிறோம். அதே நாளில்தான் மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், அதாவது 685ஆம் எண் சட்டமும், நடப்புக்கு வந்தது. இந்த இரண்டாவது செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டும் ஒரே நாளில் பிறந்தாலும் வளர்ந்த விதம் வேறு. பாரம்பரிய வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் முகப்பை அனுமதியின்றி இடித்தால் மாநகர் மன்றம் வேலையை நிறுத்தச் சொல்லும், வழக்கும் வரும். 685ஆம் சட்டமோ கட்டடம், போக்குவரத்து, கல்வி, வேலை, பண்பாட்டு வாழ்க்கை என்று உரிமைகளை வரிசையாகச் சொல்கிறது; அவற்றை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. போதாததற்கு, அரசு மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாக்கும் பிரிவுகளும் அதிலேயே இருக்கின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நாம் 2010இல் ஏற்றோம். அப்போதும் 15, 18 ஆகிய இரண்டு பிரிவுகளுக்கு ஒதுக்கீடு வைத்துக்கொண்டுதான் ஏற்றோம்.

சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று போராடுகிறவர்களோடு நாமும் நிற்க வேண்டும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடங்களும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமலே, மனசாட்சியின் பேரில் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடங்கள் அவை. அவற்றில் ஒன்றான திருச்சபையைப் பற்றியே இந்தக் கட்டுரை. பினாங்கின் டத்தோ கிராமாட்டிலும் அதைச் சுற்றிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை முன்னிறுத்தி எழுதுகிறோம். கோயில், பள்ளிவாசல், குருத்துவாரா நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதைத் தங்களுக்கும் சேர்த்தே எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சபையைக் குறைசொல்ல வருமுன் அதற்குச் சேர வேண்டிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் பார்வையற்றவர்களுக்கென்று எழுந்த மிகப் பழைய இல்லமான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கியது ஆங்கிலிக்கன் சபை. 1926இல் மலாக்காவில் ஆரம்பித்து, பிறகு பினாங்குக்கு வந்து, இன்று பாகான் ஜெர்மாலில் நிற்கிறது. பார்வையற்ற பிள்ளைகளை அரசாங்கமே பொருட்படுத்தாத காலத்தில் அவர்களுக்குப் புள்ளி எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தாலும் இதே கதைதான். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியையும் காது கேளாதோர் பள்ளியையும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கியவர்கள் ஆஸ்க்வித், ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற இரண்டு மிஷனரிப் பெண்கள். நூறு ஆண்டைத் தாண்டிய சேவை இது, பெருமைப்பட வேண்டிய சேவை.

அந்தப் பெருமைக்கு நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளாகப் பராமரித்தோம். பராமரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேரைப் போதகராக, குருவாக, பங்குப் பேரவை உறுப்பினராக, ஞாயிறு பள்ளி ஆசிரியராக, பாடகர் குழுத் தலைவராக, வாலிபர் கூட்டச் செயலாளராக ஆக்கினோம்? உங்கள் சபையை மனத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். பல சபைகளில் ஒரு விரல்கூட மடங்காது.

ஒரு ஞாயிறு காலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சக்கர நாற்காலியில் வரும் இளைஞரை வாசலில் இரண்டு பேர் ஓடிவந்து தூக்குகிறார்கள். அன்போடுதான் தூக்குகிறார்கள், ஆனால் தூக்கலாமா என்று அவரைக் கேட்பதில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே அவருக்கென்று ஓர் இடம். காணிக்கைப் பை அவரைத் தாண்டி வேகமாகப் போய்விடும். நற்கருணையை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், எல்லோரும் வாங்கி முடித்த பிறகு. பீடத்துக்கு ஏற மூன்று படி. வாசக மேடையின் ஒலிவாங்கி நின்று படிப்பவரின் வாய்க்கு நேராக முடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் அம்மாமார்கள் தலையைத் தடவி, "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்டுவிட்டு, பதிலை அவருடைய அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவருக்கு வயது 24. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறார். சபைப் பொருளாளருக்கு உதவ ஆள் தேடும்போது அவர் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. இப்படி ஓர் இளைஞரை, அல்லது ஓர் இளம்பெண்ணை, இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரியும்.

இந்தக் காட்சியில் கெட்டவர் என்று யாருமே இல்லை. அதனால்தான் மாற்றுவது கடினமாக இருக்கிறது. கொடுமை நடந்தால் தட்டிக் கேட்கலாம். இங்கே நடப்பது முழுவதும் அன்பு, ஆனால் ஒரு பக்கமாக மட்டுமே ஓடும் அன்பு. கொடுக்கிறவர் எப்போதும் கொடுக்கிறவராகவும், வாங்குகிறவர் எப்போதும் வாங்குகிறவராகவும் இருந்தால் அந்த உறவில் சமம் எப்படி வரும்?

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல, எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. 1917இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984ஆம் பிரிவு, உடல் பலவீனத்தால் பீடப் பணியைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாதவர்களையும், உடல் தோற்றத்தால் அதைக் கண்ணியமாகச் செய்ய முடியாது என்று கருதப்பட்டவர்களையும் குருத்துவத்துக்குத் தகுதியற்றவர்கள் என்றது. விதிவிலக்கு வாங்கலாம், ஆனால் கதவு சாத்தித்தான் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தப் பிரிவு இல்லை. நடுவில் ஓடியவை 65 ஆண்டுகளுக்கு மேல். பினாங்குக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆசியாவின் பழமையான குருமடங்களில் ஒன்றான காலேஜ் ஜெனரல் 1808 முதல் இந்தத் தீவில்தான் இருக்கிறது. பல நாடுகளுக்கும் குருக்களை உருவாக்கி அனுப்பியது அது. அழைப்பை உணர்ந்தும், ஒரு காலோ ஒரு கண்ணோ சரியில்லை என்பதால் விண்ணப்பத் தாளைக்கூட வாங்காமல் இருந்துவிட்டவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இருக்காது. விதி நீங்கி நாற்பது ஆண்டு ஆகிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளில் அப்படி எழுதப்பட்ட விதி இருந்ததில்லை என்று சொல்லலாம். அங்கே பீடத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வேதத்தைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம் ஆரோனின் வழிவந்தவர்களில் ஊனமுள்ளவர் பீடத்தை நெருங்கக் கூடாது என்கிறது. அதை மட்டும் எடுத்துக்காட்டுகிறவர்கள் ஆரோனின் தம்பி மோசேயை மறந்துவிடுகிறார்கள். தனக்குப் பேச்சு வராது, நாக்கு தடுமாறும், வேறு ஆளைப் பாருங்கள் என்று மோசே மன்றாடுகிறார். கடவுள் வேறு ஆளைப் பார்க்கவில்லை. மோசேயின் நாக்கைச் சரிசெய்யவும் இல்லை. அவருக்குப் பேச உதவியாக ஆரோனைக் கூட அனுப்புகிறார். தலைமை மோசேயிடமே இருக்கிறது. இன்றைக்கு ஐ.நா. உடன்படிக்கை 'ஏற்ற வசதி' என்று கேட்பது இதைத்தான்: ஆளை மாற்றாதே, அவருக்கு வேண்டிய துணையை ஏற்பாடு செய். ஞாயிறு பள்ளியில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் கதை இது. இந்தக் கோணத்தில் ஒருமுறையாவது சொல்லிக்கொடுத்தால், பின்பெஞ்சில் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

மாற்றுத்திறனாளி இளைஞர்களால் எதை நடத்த முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தீவிலேயே பதில் இருக்கிறது. 1954இல் தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. நாட்டிலேயே முதல் பள்ளி. அந்தக் காலக் கல்விமுறையில் சைகைக்கு இடமில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள், வாயைத் திறந்து பேசு என்பதே பாடம். வகுப்பறையில் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வகுப்பறைக்கு வெளியே, தங்களுக்குள் பேசிக்கொள்ள, கைகளாலேயே ஒரு மொழியை உருவாக்கினார்கள். மொழியியலாளர்கள் அதைப் பினாங்கு சைகை மொழி என்று பதிவுசெய்திருக்கிறார்கள். இன்று நாடு முழுவதும் மலேசிய சைகை மொழி வழக்கத்துக்கு வந்துவிட்டதால், பினாங்கு மொழி வயதானவர்களின் கைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரியவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதை, எந்த உதவியும் இல்லாமல், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து முடித்தார்கள். ஒரு மொழியையே உண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு வாலிபர் முகாம் ஒன்றை நடத்தத் தெரியாதா?

வேலூரிலும் ஒரு சான்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீசுக்கு 1954இல் சாலை விபத்து. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பென்ஷன் கொடுத்து, ஜெபித்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்தது வேறு. தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த நிலையத்துக்கு வந்த நோயாளிகள், தங்களைப் போலவே நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் உத்தரவு போடுவதையும் மற்ற மருத்துவர்கள் அதைக் கேட்டு நடப்பதையும் பார்த்தார்கள். மருந்தால் முடியாத ஒன்றை அந்தக் காட்சி செய்திருக்கும் என்றே நம்புகிறோம். அவருடைய திறமை ஒரு பாதி. திறமைக்கு ஏற்ற நாற்காலியையும் மேசையையும் அதிகாரத்தையும் கொடுத்த நிறுவனத்தின் துணிவு மறுபாதி.

அண்மைச் சான்றும் உண்டு. 2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில் காது கேளாத, வாய் பேசாத ஜோசப் தெர்மாடம் கத்தோலிக்கக் குருவாக அருள்பொழிவு பெற்றார். இந்தியாவில் இத்தகைய முதல் குரு அவரே. 2007இல் சோல் நகரில் பார்க் மின்சோ குருவானபோது அவரை ஆசியாவின் முதல் காது கேளாத குரு என்றார்கள். மலேசியாவிலேயே, இளம்பிள்ளைவாதம் தாக்கிய சியா சியூ சின் என்ற பெண் 1990களில் தொடங்கிய பியூட்டிஃபுல் கேட் அறநிறுவனம் சிலாங்கூரிலிருந்து இயங்குகிறது. எருசலேம் ஆலயத்தின் அழகிய வாசலில் பிச்சை கேட்டு அமர்ந்திருந்தவரை நினைவூட்டும் பெயர் அது. நடத்துகிறவரும் மாற்றுத்திறனாளி, பயன்பெறுகிறவர்களும் மாற்றுத்திறனாளிகள். உலக அளவில் பார்த்தால், திருச்சபைகளின் உலக மன்றம் 1998இல் ஹராரேயில் கூடியபோது மாற்றுத்திறனாளிகளின் தனி வலையமைப்பு ஒன்று உருவானது. 2022இல் வத்திக்கான், தன் கூட்டொருங்கியக்க ஆலோசனையின் ஒரு பகுதியாக, பல நாட்டு மாற்றுத்திறனாளிகளை உட்காரவைத்து அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டது. மேலிடத்தில் கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. டத்தோ கிராமாட்டில் திறக்க வேண்டியது நம் வேலை.

ஏன் இன்னும் திறக்கவில்லை என்றால் காரணங்கள் வருகின்றன. அவற்றை ஏளனம் செய்யாமல் கேட்க வேண்டும்.

முதலில் செலவு. பீடத்துக்கு மூன்று படி, படிக்கு 6 அங்குலம் என்றால் மொத்த உயரம் 18 அங்குலம். மலேசியத் தரநிலை எம்எஸ் 1184 சொல்லும் 1:12 சாய்வில் போட்டால் 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். இடம் உண்மையிலேயே பெரிய சிக்கல்தான், சிறிய ஆலயங்களில் அவ்வளவு நீளம் கிடைக்காது. அப்படியென்றால் வாசக மேடையைக் கீழே இறக்குங்கள். இறைவார்த்தையை மூன்றாம் படியில் நின்று படித்தால்தான் கேட்கும் என்று எந்த விதியும் இல்லை. ஒலிவாங்கியை உயரம் மாற்றக்கூடிய தாங்கியில் பொருத்துங்கள். பழைய கட்டடம், கைவைக்கக் கூடாது என்றால் எடுத்து வைக்கக்கூடிய அலுமினியச் சாய்தளங்கள் விற்கின்றன. சுவரில் ஆணிகூட அடிக்க வேண்டாம். பணமே தேவைப்படாத வேலையும் நிறைய உண்டு. ஞாயிறு பாடல்களை வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்புகிறோம். பார்வையற்றவரின் கைப்பேசி படத்தைப் பார்த்து வெறுமனே படம் என்று சொல்லி நின்றுவிடும். அதையே எழுத்தாகத் தட்டி அனுப்பினால் கைப்பேசி தமிழில் வாசித்துக் காட்டும், அவர் முன்கூட்டியே பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு வந்து பாடகர் குழுவில் நிற்பார். இதற்கு ஆகும் செலவு ஒருவரின் பத்து நிமிடம். ஆனால் இதைச் செய்ய வேண்டும் என்று நமக்குத் தோன்றாது, பார்வையற்ற ஒருவர் குழுவில் இருந்தால்தான் தோன்றும்.

அடுத்தது பெற்றோரின் பயம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையை எட்டு வயதில் பள்ளியில் கேலி செய்தார்கள், பன்னிரண்டு வயதில் உறவினர் கல்யாணத்துக்குக் கூட்டிவர வேண்டாம் என்றார்கள், இப்போது சபையின் நடுவில் நிறுத்தி இன்னொரு அவமானம் வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால் அவரை யார் குறைசொல்ல முடியும்? அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது சபையின் கடமை. ஆனாலும் பெற்றோரிடம் பணிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மகனிடம் கேட்கப்படும் கேள்விக்கு மகனே பதில் சொல்லட்டும். வார்த்தை வர நேரமானால் எல்லோரும் காத்திருப்போம்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி வெளியே பேசவே தயங்குகிறோம். சுகமளிக்கும் கூட்டங்களில் மாற்றுத்திறனாளி இளைஞர்களை, அவர்கள் கேட்காமலே, முன்னே அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். நடக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்ற பேச்சு எழுகிறது, சில சமயம் குடும்பத்தின் பாவம் என்றுகூட. ஜெபத்தை யாரும் தடுக்கவில்லை. இயேசுவின் சீடர்களே, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அவர் சொன்னதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. இருபது வயதுப் பெண் ஒருத்தியை, குணமானால்தான் நீ முழு ஆள் என்று ஒவ்வொரு மாதமும் நம்பவைத்துவிட்டு, அவளிடமே தலைமைப் பொறுப்பு ஏற்க வா என்று கூப்பிட்டால் எப்படி வருவாள்? ஜெபிக்குமுன் அவளிடம் கேளுங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும். அது வேலையாக இருக்கலாம், தேர்வாக இருக்கலாம், கல்யாணமாக இருக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். டிசம்பர் 3 அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாள்; 1992இல் ஐ.நா. அறிவித்தது. அதை ஒட்டி வரும் ஞாயிறன்று ஒருவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்போம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம், கைதட்டுவோம். அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் மின்விசிறிக்குக் கீழே. ஊக்கம் தருவதற்காக மட்டும் ஒருவரைப் பயன்படுத்துவது அவருக்கு மரியாதை ஆகாது. தலைமை என்றால் வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் உரிமை, முடிவெடுக்கும் கூட்டத்தில் ஓட்டு, தவறு செய்தால் திருத்திக்கொண்டு மறுபடியும் முயற்சி செய்ய இடம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. மற்ற இளைஞர்கள் முகாம் நடத்திச் சொதப்பினால் அனுபவம் போதவில்லை என்கிறோம். மாற்றுத்திறனாளி ஒருவர் ஒருமுறை சொதப்பினால், இவர்களால் முடியாது என்று அந்த வகையினர் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்பெழுதுகிறோம்.

சபை மட்டும் மாறினால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். டத்தோ கிராமாட் சாலையில் கடைவரிசை ஓரமாகச் சக்கர நாற்காலியில் ஒருவர் ஆலயத்துக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சடி எனப்படும் கடைமுன் நடைபாதை மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கவே கட்டப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு ஓடு பதித்து ஓர் உயரம் வைத்திருக்கிறார். பத்துக் கடை தாண்டுவதற்குள் நாலு இடத்தில் ஏற்ற இறக்கம். இடையில் மோட்டார் சைக்கிள், எரிவாயுத் தோம்பு, பூந்தொட்டி, சாப்பாட்டுக் கடையின் முக்காலிகள். அவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். சாலையிலோ ஆயர் ஈத்தாம் போகும் பேருந்துகளும் லாரிகளும். பார்வையற்றவரின் வெள்ளைக் கோல் முதலில் தட்டுவது யாரோ நிறுத்திய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை. மாநகர் மன்றம் அஞ்சடிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். கடைக்காரர் சங்கங்கள் வாசல் உயரத்தைச் சமப்படுத்த உடன்பட வேண்டும். மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றாமல் இருப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஞாயிறு காலை ஆலயத்துக்கு வெளியே மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடத்தில் காடியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே ஆராதனையில் இருப்பவர்களே.

அஞ்சடி சமமானால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், தள்ளுவண்டியில் பிள்ளையோடு வரும் தாய்க்கு, முழங்கால் வலியோடு சந்தைக்குப் போகும் பாட்டிக்கு, பக்கவாதத்துக்குப் பிறகு மெதுவாக நடக்கப் பழகும் தாத்தாவுக்கு. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகைக் குறிப்பிடத்தக்க உடற்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்குப் பதிந்தவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியில் நம் வீட்டுப் பெரியவர்களும், அட்டை எடுக்க வெட்கப்படும் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தலைமை நாற்காலியை ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவராத கனவு என்பார்கள். மலேசிய நாடாளுமன்ற மேலவையில் மாற்றுத்திறனாளிகளின் குரலாக ஒருவரை நியமிக்கும் வழக்கம் 2007 முதல் இருக்கிறது. பார்வையற்ற பொருளியல் பேராசிரியர் இஸ்மாயில் முகமது சாலே அதில் முதலாமவர். பின்னர் சக்கர நாற்காலியில் வந்து அவையில் அமர்ந்து பேசியவர் பத்மாவதி கிருஷ்ணன். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இன்னும் பெரிய அடியெடுப்பு: ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும், ஊராட்சி ஒன்றியத்திலும், நகர்ப்புற உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். அங்கே கிராம ஊராட்சிகள் மட்டுமே 12 ஆயிரத்துக்கு மேல். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பற்றி முடிவெடுக்கும் சின்னஞ்சிறு ஊராட்சிக்கு இது பொருந்தும் என்றால், இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு சபைக்குப் பொருந்தாமல் போகாது.

ஆகவே டத்தோ கிராமாட் வட்டாரத்துச் சபைகளிடமும் பங்குகளிடமும் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இது. வரும் நிர்வாகத் தேர்தலிலேயே 35 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகள் இருவருக்கு முழு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். ஒருவர் போதாது. ஒருவர் தனியாக இருந்தால் அறையில் பேசத் தயங்குவார், எல்லா மாற்றுத்திறனாளிகளின் சார்பிலும் அவர் ஒருவரே பேச வேண்டிய சுமையும் விழும். அவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலக் குழு என்று தனியாக ஒன்றை ஒட்டிவைத்து ஒதுக்காதீர்கள். நிதி, கட்டடம், வழிபாடு, இளையோர் என்று எதில் விருப்பமோ அதில் இருக்கட்டும். மலேசிய சைகை மொழி பெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தை ஆண்டு வரவுசெலவில் எழுதிவையுங்கள். அதை அன்பளிப்புப் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, ஒலிபெருக்கிக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்குவதுபோல ஒதுக்க வேண்டும். ஆலய வேன் இருந்தால் யார் யாரை எப்போது ஏற்றுவது என்று வாலிபர்களே முறைவைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். டத்தோ கிராமாட்டுக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் ஆங்கிலிக்கனும் பெந்தெகொஸ்தேயும் ஒரே அடுக்குமாடியில், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவர்கள்தானே.

இளைஞர்களே, உங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அழைப்பு வந்தால் தயங்காமல் வாருங்கள். அழைப்பு வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தஞ்சோங் பூங்கா பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உங்களுக்கு எது தேவை என்று நாங்கள் ஊகிக்கும்போது தப்பாகத்தான் ஊகிக்கிறோம், திருத்துங்கள். பொறுப்பு ஏற்ற பின் மற்ற உறுப்பினர்களைப் போலவே கணக்குக் கேட்கப்படுவீர்கள், கேட்கப்படவும் வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செயலாளர் அறிவிப்பு எழுதுமுன் கவனிக்க வேண்டியவை சில. கூட்டம் பல ஆலயங்களில் மாடி அறையில் நடக்கிறது, மின்தூக்கி இல்லை. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டு அறிவிப்பை ஒட்டுங்கள். வேட்புமனுப் படிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், எழுத்தாகவும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற இரண்டு கட்டங்கள் அந்தப் படிவத்தில் காலியாக இருக்கும். அவற்றில் கையெழுத்திடப் போகிறவர்கள் இந்த வாரமே அந்த இளைஞர் வீட்டுக்குப் போய், அவர் அம்மாவிடம் அல்ல, அவரிடமே கேட்டுவிட்டு வரலாம்.